கோதுமைக்குப் பின் கீரைத் தீவனம்

வடநாட்டில் சித்திரை மாதத்தில் கோதுமை அறுவடை முடிவடைகிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் நடவு ஜூன் மாதத்தில்தான் தொடங்கும். இடையில் நிலம் வெறுமையாய்க் கிடக்கிறது. குளிர்காலம் முழுவதும் பசுக்களுக்குப் பச்சைத் தீவனமாயிருந்த பெர்ஸீமும் வெயில் ஏற ஏற ஓய்ந்துவிடும். பிறகு தொழுவத்தில் மிஞ்சுவது பூஸா என்னும் கோதுமை வைக்கோலே. பால் வற்றும் காலமும் இதுவே.

இந்த இடைவெளிக்கு ஏற்ற பயிர்களுள் ஒன்று நம் தண்டுக்கீரையின் இனத்தது. தில்லிக் கடைத்தெருவில் சௌலாயி என்று நாம் வாங்குவதும், விரத நாட்களில் வடநாட்டார் உண்ணும் ராஜ்கிரா தானியமும் இக்குடும்பத்தனவே. சோளத்தைப் போலவே இதுவும் கடுவெயிலில் விரைந்து வளரும். இளந்தழையில் புரதம் மிகுதி.

விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எனவே தாளை மடக்கி உழுது, மண்ணைப் பொடியாக்கி, விதையுடன் மணல் கலந்து மேலாகத் தூவ வேண்டும். 1 ஹெக்டேருக்கு 2 கிலோ போதும். பாசனம் கிட்டினால் சுமார் 40 நாட்களில், பூக்குமுன் அறுக்கலாம்.

இனி எச்சரிக்கை. இக்கீரை மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பேராவலுடன் உறிஞ்சும். கோதுமைக்கு இட்ட யூரியாவின் எச்சத்தோடு புதிதாகவும் உரமிட்டு, பயிர் நீரின்றி வாடுமானால், அச்சத்து நைட்ரேட்டாக அடித்தண்டில் தேங்கிவிடும். மாட்டின் இரைப்பையில் அது நைட்ரைட்டாக மாறி இரத்தத்திற் கலக்கும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து பழுப்பு நிறமாகும். சில மணி நேரத்தில் மாடு மூச்சுத் திணறி மடிவதும் உண்டு. இளஞ்சோளத்தில் நஞ்சுண்டு என்று அறிந்து அஞ்சும் குடியானவரும் இதனைக் 'கீரைதானே' என்று எண்ணிவிடுவதுண்டு.

ஆகவே அறுப்பு நெருங்குகையில் யூரியா இடலாகாது. வாடிய பயிருக்கு நீர் பாய்ச்சிய மறுநாளே அறுக்காமல் ஒரு வாரம் பொறுத்தல் நன்று. அடித்தண்டை ஒரு சாண் விட்டு அறுத்து, பூஸாவுடன் கலந்து, சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பசித்த மாட்டுக்கு இதனை மட்டும் போடுதல் கூடாது. வெயிலில் உலர்த்தினால் நைட்ரேட் போய்விடும் என்பது தவறு. குழியிலிட்டுப் பதப்படுத்தினால் ஓரளவு குறையும். மாடு தள்ளாடி, ஈறு பழுப்பேறக் கண்டால், தீவனத்தை நிறுத்திக் கால்நடை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்; மெதிலீன் நீலம் என்னும் ஊசிமருந்து காலத்தில் கிட்டினால் பிழைக்கும்.

விதை முற்றவிடாமல் அறுப்பதும் அவசியம். உதிர்ந்த விதை வரும் ஆண்டுகளில் களையாக முளைக்கும்.