இரண்டு விநாடி இடைவெளி

ஒன்பது மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

"இருபது மீட்டர்" என்று ஒருமுறை நான் விடை சொன்னேன். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்ற எட்டுப் பேரும் நம்பினார்கள். அந்த விடை தவறு. அந்தத் தவறுக்காக ஓர் இளைஞர் தம் காறை எலும்பை முறித்துக்கொள்ள நேர்ந்தது. அது எப்படி நடந்தது, அதற்குள் இருக்கும் கணக்கு என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

எல்லையைத் தாண்டி

2023ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள சுங்கைப்பட்டாணியிலிருந்து நாங்கள் ஒன்பது பேர் புறப்பட்டோம். தென் தாய்லாந்தின் பெத்தோங் நகரம் வரை போய், ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்புவது திட்டம். பாலிங் நகரில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். பிறகு பெங்காலான் ஹுலு. முன்பு குரோ என்று பெயர் பெற்றிருந்த ஊர் இது. அதைத் தாண்டினால் புக்கிட் பெராப்பிட் சோதனைச் சாவடி. கடப்பிதழில் முத்திரை, வண்டிக்குரிய தாள்கள், தாய்லாந்துக் காப்புறுதி எல்லாம் முடிந்து எல்லையைக் கடந்தோம்.

பெத்தோங், தாய்லாந்தின் தெற்குக் கோடியிலுள்ள மாவட்டம். ஆளுயரத்துக்கும் மிகப் பெரிய ஒரு தபால் பெட்டி அந்நகரின் அடையாளம். அருகிலுள்ள காட்டில், மலாயாக் கம்யூனிஸ்டுப் போராளிகள் 1976இல் தோண்டிய பியாமிட் சுரங்கம் இருக்கிறது. நாங்கள் சிற்றுண்டி உண்ட பாலிங்கில் 1955 டிசம்பரில் முறிந்த சமாதானப் பேச்சு, 1989 டிசம்பரில் ஹட்யாய் நகரில்தான் உடன்படிக்கையாக முடிந்தது. தாய்லாந்தின் தென் எல்லை மாநிலங்களில் 2004 முதல் வேறொரு கலவரம் மூண்டது. ஆதலால் வழிநெடுகச் சோதனைச் சாவடிகள் உண்டு. அங்கே போவோர் பயண எச்சரிக்கைகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம்.

லாபமாக வந்த ஒரு மணி

எல்லையைத் தாண்டியதும் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினோம். "ஒரு மணி நேரம் லாபம் அண்ணே!" என்றார் எங்களில் இளையவர். இருபத்திரண்டு வயது, அவருக்கு இதுதான் முதல் நெடும் பயணம்.

உண்மையில் லாபமா? பூமி 24 மணியில் 360 டிகிரி சுழல்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். பெத்தோங் ஏறக்குறைய 101 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ளது. 101ஐ 4ஆல் பெருக்கினால் 404 நிமிடம். அதாவது கிரீனிச்சைவிட 6 மணி 44 நிமிடம் முந்தியது அவ்வூரின் சூரிய நேரம். தாய்லாந்தின் கடிகாரமோ 105 டிகிரி ரேகையைப் பின்பற்றி 7 மணி முந்தியிருக்கிறது. மலேசியாவின் கடிகாரம் 120 டிகிரி ரேகையைப் பின்பற்றி 8 மணி முந்தியிருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் 1981 முடியும் வரை இது 7½ மணியாக இருந்தது. 1982 ஜனவரி 1 முதல், சபா சரவாக் நேரத்தோடு ஒன்றுபடுவதற்காக அரை மணி கூட்டப்பட்டது.

ஆகவே பெத்தோங்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது தாய்லாந்துக் கடிகாரம் சுமார் 12 மணி 16 நிமிடம் காட்டும். அதே கணத்தில் எல்லைக்கு இப்பால் உள்ள கடிகாரம் 1 மணி 16 நிமிடம் காட்டும். ஆண்டின் நாளுக்கேற்ப இது சில நிமிடங்கள் முன்பின்னாகும். கடிகார முள்தான் நகர்கிறதே தவிர, சூரியன் எல்லையைக் கண்டு நின்றுவிடுவதில்லை. சனிக்கிழமை கிடைத்த ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கொடுக்க வேண்டிய கடன். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாள் அந்தக் கடன் என்னை அவசரப்படுத்தியது.

மூடுபனிக் கடல்

ஞாயிறு விடியுமுன் பெத்தோங்கிலிருந்து வடக்கே, யாலா செல்லும் நெடுஞ்சாலையில் ஐயெர்வெங் மலைக்குப் போனோம். மலைமேல் கண்ணாடித் தளமிட்ட நடைபாலம் ஒன்று உண்டு. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பால் போன்ற மூடுபனி.

இரவில் நிலம் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறிப் பனிக்கடலாகிறது. வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும்.

பார்த்த பரவசத்தில் நேரம் போனது தெரியவில்லை. இறங்கும்போது தூறலும் பிடித்துக்கொண்டது. எல்லையில் ஒரு மணி நேரம் வேறு பறிபோகப் போகிறது. இருட்டுமுன் வீடு சேர வேண்டும். முன்னால் செல்பவன் நான். புறப்படுமுன் எல்லோரையும் அழைத்து, "முன் வண்டியிலிருந்து இருபது மீட்டருக்கு மேல் விலகாதீர்கள். வரிசை அறுந்துவிடக் கூடாது" என்றேன்.

வளைவில் நடந்தது

மலைச்சாலையில் ஒரு கூரிய வளைவு. நான் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அதைக் கடந்தேன். எதிரே நேர்ச்சாலை தெரிந்ததும் வேகத்தை 54க்கு உயர்த்தினேன். சற்று நேரம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தபோது ஏழு விளக்குகளே தெரிந்தன.

திரும்பிப் போனோம். இளையவரின் வண்டி ஓரச் சாக்கடையில் கிடந்தது. அவர் புல்லில் உட்கார்ந்து இடத் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைக்கவசத்தின் இடப்பக்கம் முழுவதும் உரசித் தேய்ந்திருந்தது. அந்தக் கவசம் இல்லாதிருந்தால் தேய்ந்திருக்கக் கூடியது எது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எதிரே லாரி ஒன்றும் வரவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

"எட்டாவது வண்டி வளைவில் மறைந்துவிட்டது. வரிசை அறுந்துவிட்டதே என்று முறுக்கினேன். நீங்கள் இருபது மீட்டர் என்று சொன்னீர்களே அண்ணே!" என்றார், வலியைப் பொறுத்துக்கொண்டு.

எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

வளைவின் கணக்கு

வளைவில் செல்லும் வண்டியை உள்நோக்கி இழுக்க மைய நோக்கு விசை வேண்டும். அதைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையேயுள்ள உராய்வு ஒன்றே. ஓட்டுபவர் வண்டியை உள்பக்கம் சாய்த்தால்தான் கவிழாமல் திரும்ப முடியும். சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு, வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்த ஈவுக்குச் சமம். சமதளச் சாலையில் தேவைப்படும் உராய்வுக் குணகமும் அதே எண்தான்.

வளைவின் ஆரம் 40 மீட்டர் என்று கொள்வோம். 40ஐ 9.8ஆல் பெருக்கினால் 392. மணிக்கு 36 கி.மீ. என்பது விநாடிக்கு 10 மீட்டர். வர்க்கம் 100. 100ஐ 392ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.26. சாய்வு 14 டிகிரி. நனைந்த சாலை இதைத் தாங்கும்.

மணிக்கு 54 கி.மீ. என்றால் விநாடிக்கு 15 மீட்டர். வர்க்கம் 225. வகுத்தால் 0.57. சாய்வு 30 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. தேவையான உராய்வோ இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது. உலர்ந்த நல்ல சாலை இதையும் தாங்கும். சேறும் எண்ணெயும் கலந்து நனைந்த சாலையில் குணகம் 0.4 அளவுக்கு இறங்கிவிட்டால் தாங்காது. டயர் வழுக்கும். பயந்து பிரேக்கை அழுத்தினால் இன்னும் மோசம். இருக்கிற சிறிதளவு உராய்வை, திருப்புவதற்கும் நிறுத்துவதற்கும் பங்கு போட வேண்டி வரும்.

என் தவறு எங்கே?

"அவர் வேகமாகப் போனார், விழுந்தார்" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆனால் அவரை வேகமாகப் போகச் சொன்னது யார்?

ஒன்பது வண்டிகளுக்கு எட்டு இடைவெளிகள். ஒவ்வொன்றும் 20 மீட்டர் என்றால், கடைசி வண்டி எனக்கு 160 மீட்டர் பின்னால் இருக்கும். வண்டிகளின் நீளத்தை விட்டுவிடுவோம். அந்தத் தூரம் மாறவே கூடாது என்றால், நான் முடுக்கும் அதே கணத்தில் கடைசி வண்டியும் முடுக்க வேண்டும். நான் வளைவைத் தாண்டி நேர்ச்சாலையில் இருக்கிறேன். அவரோ இன்னும் வளைவுக்குள்ளே நுழையவே இல்லை! என் விதிப்படி நடந்தால், நேர்ச்சாலைக்கு உரிய வேகத்தோடு அவர் வளைவில் நுழைந்தாக வேண்டும். அனுபவமுள்ளவர்கள் என் பேச்சைப் பொருட்படுத்தாமல் வளைவில் மெதுவாகவே வந்தார்கள். சொன்ன சொல்லைத் தட்டாதவர் விழுந்தார்.

இப்போது விதியை மாற்றிப் பாருங்கள். இடைவெளி 20 மீட்டர் அல்ல, இரண்டு விநாடி. நான் வளைவை எந்த வேகத்தில் கடந்தேனோ, இரண்டு விநாடி கழித்து அதே இடத்தை அதே வேகத்தில் அடுத்தவர் கடப்பார். கடைசி வண்டி 16 விநாடி கழித்துக் கடக்கும். ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்குரிய வேகமே இருக்கும். 36 கி.மீ. வேகத்தில் வரிசையின் நீளம் 160 மீட்டர். 54இல் 240. 72இல் 320. நேர்ச்சாலையில் வரிசை நீள்வது அறுந்துபோவதல்ல. அதுதான் சரியான ஒழுங்கு. ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போது தானாகவே சுருங்கிக்கொள்ளும்.

பிரேக் போடும்போது

இரண்டு விநாடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கைத் தொடுவதற்குள் சுமார் ஒரு விநாடி ஓடிவிடுகிறது. 72 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி 20 மீட்டர் போய்விடும். 20 மீட்டர் இடைவெளி அங்கேயே தீர்ந்தது! இருவரின் பிரேக்குகளும் ஒரே தரமாக இருந்தால் மயிரிழையில் தப்பலாம். சற்றே குறைந்தால் மோதல்தான். இரண்டாவது விநாடி, பிரேக்குகளின் ஏற்றத்தாழ்வுக்கும் மனிதரின் கவனக்குறைவுக்கும் நாம் வைத்திருக்கும் சேமிப்பு.

நிற்பதற்கு ஆகும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உலர்ந்த சாலையில் விநாடிக்கு 7 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று கொண்டால், பிரேக் பிடித்த பின் 36 கி.மீ. வேகத்துக்கு 7 மீட்டர், 72க்கு 29 மீட்டர், 108க்கு 64 மீட்டர் தேவை. மழையில் இவை எல்லாம் கூடும். ஆகவே மழையில் இரண்டு விநாடியை நான்காக்கிக் கொள்ள வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு நண்பரை 30 செ.மீ. அளவுகோலை நட்டுக்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் கீழ்முனையில் விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பற்றுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 விநாடி. இப்போது மனக்கணக்கு ஒன்று செய்துகொண்டே மறுபடி பிடித்துப் பாருங்கள். குறி எங்கே போகிறது? காத்திருந்த கைக்கே இவ்வளவு நேரம் என்றால், எதையோ நினைத்துக்கொண்டு ஓட்டுபவருக்கு எவ்வளவு ஆகும்?

சாலையில் இரண்டு விநாடியை அளக்கக் கருவி வேண்டாம். முன் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைக் கடக்கும்போது "நூற்று ஒன்று, நூற்று இரண்டு" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்குமுன் நீங்கள் அந்தக் கல்லை அடைந்துவிட்டால், மிக நெருங்கி வருகிறீர்கள். உரிமம் பெறும் வயது உங்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் கூட்டமாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறீர்கள் அல்லவா? அங்கேயே தொடங்கலாம்.

பெத்தோங்கில் மருத்துவமனையில் எலும்பைச் சரிபார்த்துக் கட்டுப் போட்டார்கள். இளையவர் ஒரு காரில் வீடு திரும்பினார். மற்றவர்கள் எல்லையைக் கடந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளினோம்; யாரும் நஷ்டம் என்று சொல்லவில்லை. பாலிங் வரை மழை. கண்ணாடியில் ஒவ்வொரு விளக்காக, நான்கு நான்கு விநாடி தள்ளி, வளைவைச் சுற்றி வருவதை எண்ணிக்கொண்டே வந்தேன்.

சில வாரங்கள் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். தோளில் கட்டுடன் உட்கார்ந்து, தம் தம்பியைக் கொண்டு அளவுகோல் சோதனையைச் செய்துகொண்டிருந்தார். "இடக்கைக்கும் வலக்கைக்கும் வித்தியாசம் இருக்குமா அண்ணே?" என்று கேட்டார். கட்டு அவிழ்ந்ததும் அளந்து பார்க்கலாம் என்றேன்.