சுவீடன் தேசத்துப் பழந்துவக்குகள்

மரம் அரியும் சங்கிலி வாளிலே ‘ஹஸ்க்வார்ணா’ என்னும் பெயரைக் கண்டோர் பலர் இருப்பர். அப்பெயருடன் பொறிக்கப்பட்டுள்ள இலச்சினையை ஒரு கிரீடம் என்றே பெரும்பாலோர் கருதுவர். உண்மையில் அது, துப்பாக்கிக் குழலின் வழியே கண்ணை வைத்துக் குறிபார்க்கும்போது தோன்றும் வடிவமாம். சுவீடனின் தென்பாகத்தில், வெத்தர்ன் என்னும் பேரேரியின் தென்முனையை அடுத்து, 1689 ஆம் ஆண்டில் அரசனது படைக்குத் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலையாகத் தோன்றியது அந்நிறுவனம். அங்கு வீழும் அருவியின் வலிமையே அதன் பொறிகளைச் சுழற்றிற்று. படைக்குத் துப்பாக்கி வேண்டப்படாத காலங்களிலும் தொழிலாளர் பிழைக்க வேண்டுமன்றோ? எனவே 1872 இல் தையல் இயந்திரமும், அதன் பின்னர் துவிச்சக்கர வண்டியும், 1903 இல் மோட்டார்ச் சைக்கிளும் செய்யத் தொடங்கினர். ஆயினும் அவ்வூரின் புகழைக் காட்டுக்குள் கொண்டு சென்றவை அதன் வேட்டைத் துவக்குகளே.

இவற்றின் அமைப்பை விளக்குவதற்குக் கதவுத் தாழ்ப்பாள் ஒன்றே போதும். தாழின் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கோது வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். கீழே மடக்கினால் தாழின் முன்புறத்திலுள்ள இரு புடைப்புகள் உருக்குச் சுவரிற் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். வெடியின் பேராற்றல் முழுவதையும் அவ்விரு புடைப்புகளே தாங்குகின்றன. இம்முறையைச் செம்மை செய்தவர் ஜெர்மனியரான போல் மௌசர். அவருடைய 1896 ஆம் ஆண்டின் சுவீடிய அமைப்பில் தாழை முன்னே தள்ளும்போதே வில் இறுகும். 1898 ஆம் ஆண்டின் அமைப்பிலோ கைப்பிடியைத் தூக்கும்போது இறுகும். காப்பிற்காக மூன்றாவது புடைப்பும் ஒன்று உண்டு. பழகியவர் கண்ணை மூடிக்கொண்டே, கையில் உணரும் இழுப்பினால், எது எதுவெனக் கூறிவிடுவர்.

சுவீடனும் நோர்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்த காலத்தில், இரு நாட்டுப் படைகளுக்கும் பொதுவாக 6.5 மில்லிமீற்றர் விட்டமும் 55 மில்லிமீற்றர் நீளக் கோதும் உடைய தோட்டா ஒன்று வகுக்கப்பட்டது. 1905 இல் நாடுகள் பிரிந்தன, தோட்டா பிரியவில்லை. அதன் குண்டு மெலிந்து நீண்டது; தோளிலே உதைப்பது குறைவு, ஆழப் பாய்வதோ மிகுதி. பல நூறு கிலோகிராம் நிறையுள்ள ‘மூஸ்’ என்னும் பெருமானை வீழ்த்த இன்றும் அதனையே விரும்புவோர் அங்கு பலர்.

இத்துவக்குகளின் கதையில் எம்மை மிகவும் கவர்ந்தது வேட்டையன்று, அளவை. எஸ்கில்ஸ்துனா நகரத்து அரச துப்பாக்கித் தொழிற்சாலையில் கார்ல் எட்வர்ட் யோஹான்சன் என்பவர் பணியாற்றினார். புதிய துப்பாக்கியின் செய்முறையை அறிந்து வருவதற்காக 1894 இல் ஜெர்மனியிலுள்ள மௌசர் தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்ட குழுவில் அவரும் ஒருவர். அங்கே ஒவ்வோர் உறுப்பையும் சோதிக்கத் தனித்தனி அளவுகருவிகள் ஏராளமாக இருந்ததைக் கண்டார். அத்தனையையும் தம் நாட்டிலும் செய்து வைப்பதென்றால் பெருஞ்செலவு. புகையிரதத்தில் ஊர் திரும்பும்போது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. உருக்குக் கட்டிகள் சிலவற்றைத் தக்க தடிப்புகளிற் செய்துகொண்டால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேண்டிய அளவைப் பெறலாமல்லவா? அவர் வகுத்த 102 கட்டிகளைக் கொண்டு ஏறத்தாழ 20,000 வெவ்வேறு அளவுகளைப் பெறலாம். அக்கட்டிகளைத் தேய்த்து மெருகிட அவருக்குக் கைகொடுத்தது மனைவியின் தையல் இயந்திரம். அதனைச் சாணைப்பொறியாக மாற்றிக்கொண்டார்! ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் என்று அவர் கொண்ட கணக்கையே 1930 இல் பிரித்தானியத் தொழில்துறையும், 1933 இல் அமெரிக்கத் தொழில்துறையும் ஏற்றன. மாணவர் தம் அளவுகோலில் இன்று காணும் அங்குலமும் அதுவே.

அத்தகைய நுட்பத்தின் பயனை வேட்டைத் துவக்குகளிலும் காணலாம். பழைய 1896 அமைப்பில் 9.3 மில்லிமீற்றர்ப் பெருங்குண்டுத் துவக்கு, பெல்ஜியத்திலிருந்து தருவித்த 1898 அமைப்பில் ‘640’ வரிசை, 1950களில் தாமே வகுத்த இலேசான ‘1640’ என ஹஸ்க்வார்ணாவினர் பலவகை செய்தனர். சேகரிப்போர் முதலில் நோக்குவது அலங்காரத்தை அன்று. தாழிலும் உடலிலும் உள்ள இலக்கங்கள் ஒத்திருக்கின்றனவா, குழலின் உட்சுருள்கள் கூர்மையாக உள்ளனவா, மரப்பிடியில் வெடிப்பு உண்டா என்பவற்றையே ஆராய்வர். மெருகு தேய்ந்திருப்பதைக் குறையாகக் கொள்ளார். தாழின் கைப்பிடியருகே நீலம் மங்கி வெண்மை தோன்றினால், பலகாலம் வேட்டையில் உழைத்த துவக்கென அறிவர். பின்னாளில் மரத்தைச் சுரண்டிப் பளபளக்க அரக்குப் பூசியவற்றையே ஒதுக்குவர். எமக்கும் அஃது ஒப்பே.

கொல்லும் கருவியைப் போற்றலாமா என்று வாசகர் வினவக்கூடும். 2009 வரை நீடித்த போரைக் கண்ட எம்மவர்க்குத் ‘துவக்கு’ என்ற சொல்லே நடுக்கம் தருவது. சுவீடனிலும் இவ்வினா எழாமலில்லை. அங்கு வேட்டையாட விரும்புவோர் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டும். ஒவ்வொரு துவக்கிற்கும் பொலிசாரிடம் தனித்தனி அனுமதி பெற வேண்டும். பூட்டிய உருக்குப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். இத்தனையும் இருந்தும், 2025 பெப்ரவரி 4 ஆம் நாள் ஓரெப்ரோ நகரில் வளர்ந்தோர் பயிலும் கல்விநிலையம் ஒன்றில் ஒருவன் பத்துப் பேரைச் சுட்டுக்கொன்றான். அவனிடமிருந்தவை அனுமதி பெற்ற வேட்டைத் துவக்குகளே. அதனையடுத்துச் சிலவகை அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்கான அனுமதியை இறுக்க அரசாங்கம் முனைந்தது. பழைய தாழ்த் துவக்கு ஒவ்வொரு முறையும் கையால் இயக்கப்படுவது. ஆகவே அதனால் அஞ்சத்தக்கது யாதுமில்லை என்று கூறும் அன்பர்களுடன் எம்மால் உடன்பட இயலவில்லை. ஒரு குண்டும் ஓர் உயிருக்குப் போதுமானதே. அனுமதியும் பெட்டகமும் சிறிது தொல்லையாயினும், அவற்றைச் சுமக்க இசைந்தவனே இத்துவக்கை வைத்திருக்கத் தக்கவன்.

வேட்டைக்காரர் இறந்தபின் அவருடைய துவக்கை வைத்திருக்க அனுமதி பெற விரும்பாத பிள்ளைகள் பலர். பொலிசார் 2013 இலும் 2018 இலும், யாதொரு தண்டனையுமின்றி ஆயுதங்களை ஒப்படைக்கலாமென அறிவித்தபோது ஆயிரக்கணக்கானவை வந்து குவிந்தன. பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. ஹஸ்க்வார்ணா ஊரின் பழைய தொழிற்சாலைக் கட்டிடமொன்று இப்போது அரும்பொருட்சாலையாக விளங்குகின்றது. அங்கே துவக்குகளும் தையல் இயந்திரங்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டுள்ளன.