நீதிமானின் ஜெபமும் கிடைக்காத பதிலும்

எவ்வளவோ ஜெபித்தும் பதில் கிடைக்கவில்லையே என்று வருந்துபவரிடம், "உங்களிடம் ஏதோ பாவம் இருக்கிறது" என்று சொல்வது சிலருக்கு வழக்கமாகி விட்டது. நோயில் கிடப்பவருக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் அந்தச் சொல் இன்னோர் அடியாக விழுகிறது. கிறிஸ்துவ வேதம் அப்படித்தான் போதிக்கிறதா?

நல்வாழ்வுக்கும் ஜெபத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை வேதம் மறுக்கவில்லை. நீதிமானின் வேண்டுதலுக்கு வலிமை உண்டு என்கிறது யாக்கோபு நிருபம். இரத்தக்கறை படிந்த கைகளோடு எவ்வளவு ஜெபித்தாலும் பயனில்லை, முதலில் அனாதைக்கும் விதவைக்கும் நியாயம் செய்யுங்கள் என்று கண்டித்தார் ஏசாயா தீர்க்கதரிசி. காணிக்கை செலுத்த வந்தவருக்குச் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், முதலில் போய் அவனோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்றார் இயேசு. மனைவியை மதிக்காத கணவனின் ஜெபம் தடைபடும் என்று எச்சரித்தார் பேதுரு. ஆக, நீதி என்பது அருகில் இருப்பவரை நாம் நடத்தும் விதத்தில் தெரிகிறது.

ஆனால் இது கூலிக்கணக்கு அன்று. தன் நோன்பையும் தசமபாகத்தையும் சொல்லிக் காட்டிய பரிசேயனைவிட, தன் பாவத்தை நினைத்து மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனே நீதிமானாக வீடு திரும்பினான் என்கிறது இயேசு சொன்ன உவமை.

ஜார்ஜ் முல்லரின் (1805-1898) வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. பிரஷ்யாவில் பிறந்த அவர், இளமையில் திருட்டும் பொய்யுமாகத் திரிந்து 16 வயதில் சிறைக்குப் போனவர். மனம் மாறிய பின், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அனாதை இல்லம் தொடங்கினார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று உறுதி பூண்டு ஜெபத்தையே நம்பினார். வரவு செலவுக் கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிட்டார். அவர் காலத்தில் ஐந்து பெரிய இல்லங்கள் எழுந்தன. 10,000 பிள்ளைகள் அவற்றில் பராமரிக்கப்பட்டனர்.

அதே முல்லர், 1870இல் மனைவி மேரி காய்ச்சலில் படுத்தபோதும் ஜெபித்தார். மேரி பிழைக்கவில்லை. அவருடைய அடக்க ஆராதனையில் இறைவன் நல்லவர் என்றே முல்லர் பேசினார். அவரிடம் பாவம் இருந்ததால்தான் மனைவி இறந்தார் என்று யார் சொல்ல முடியும்?

யோபுவின் நண்பர்கள் அவரை அப்படித்தான் குற்றம் சாட்டினார்கள். இறைவன் கடிந்துகொண்டதோ அந்த நண்பர்களை! தன் உடலில் தைத்த முள் நீங்கும்படி பவுல் மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் கிருபைதான் கிடைத்தது. பாவமே அறியாத இயேசு கெத்செமனே தோட்டத்தில் வேண்டியும் சிலுவை விலகவில்லை.

ஆகவே, முழங்காலிடுமுன் யாருக்கேனும் அநீதி செய்தோமா என்று ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது. அந்தக் கேள்வியைத் துன்பத்தில் இருப்பவர்மீது வீசுவது முறையல்ல. அவருக்குத் தேவை, உடன் அமர்ந்து ஜெபிக்க ஒருவர்.