ஸ்கேனருக்குத் தெரியாத சிவப்பு

நியூ ஜெர்சியில் சிறிய உணவகம் நடத்தும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஜனவரி வந்தால் ஊழியர்களுக்கு டபிள்யூ-2 என்னும் சம்பள-வரிப் படிவம் அச்சடிக்கிறேன். எண்கள் கட்டத்துக்குள் விழாமல் கோட்டின் மேல் ஏறி நிற்கின்றன. பிரிண்டரை மாற்றிவிடலாமா?” அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், பெரும்பாலும் கோளாறு பிரிண்டரில் இருக்காது.

அந்தப் படிவத்தில் என்னை மிகவும் கவர்ந்தது சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குப் போகும் ‘ஏ’ பிரதியின் சிவப்பு மை. சிறுவயதில் மிட்டாய் சுற்றிய சிவப்புக் கண்ணாடித்தாளைக் கண்ணில் வைத்துக்கொண்டு விடைத்தாளைப் பார்ப்போம். வாத்தியார் சிவப்பு மையில் போட்ட மதிப்பெண் மறைந்துவிடும். நாங்கள் எழுதியது மட்டும் கருப்பாகத் தெரியும். ஸ்கேனரும் அப்படித்தான் பார்க்கிறது. அதன் ஒளியில் வெள்ளைத் தாளும் அந்தச் சிவப்பும் ஒன்றாகிவிடுவதால் கட்டங்கள், தலைப்புகள் எல்லாம் காணாமல் போய், நாம் அச்சடித்த கருப்பு எழுத்துகள் மட்டும் மிஞ்சுகின்றன. எந்த எண் எதற்குரியது என்பதை, தாளில் அது இருக்கும் இடத்தை வைத்தே இயந்திரம் அறிகிறது. வருமான வரித்துறையின் இணையதளத்தில் இருக்கும் சிவப்பு ‘ஏ’ பிரதியை வீட்டுப் பிரிண்டரில் எடுத்து அனுப்பக் கூடாது என்பதும் இதனால்தான். வீட்டுப் பிரிண்டரின் சிவப்பு மறையாது, அபராதம் வரலாம்.

சரி, எண்கள் ஏன் விலகுகின்றன? முதலில் வெறும் தாளில் அச்சடித்து, படிவத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லா எண்களும் ஒரே அளவு நகர்ந்திருந்தால், மென்பொருளில் மேல்-கீழ், இட-வலத் திருத்தம் கொடுத்தால் போதும். சாய்ந்திருந்தால் தட்டில் தாள் கோணலாக இருக்கிறது. ஓரிடத்தில் சரியாகவும் இன்னோரிடத்தில் விலகியும் இருந்தால், ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற வசதி படத்தைச் சுருக்கியிருக்கிறது. 11 அங்குலத் தாளில் 3 சதவீதம் சுருங்கினாலே மூன்றில் ஒரு அங்குலம் போய்விடும். அங்குலத்துக்கு 6 வரி என்ற தட்டச்சுக் கணக்கில் அது இரண்டு வரி! அளவை 100 சதவீதத்தில் வையுங்கள். எழுத்து 12 புள்ளி கூரியர், கருப்பு மை. டாலர் குறியும் காற்புள்ளியும் வேண்டாம், தசமப் புள்ளி வேண்டும். ஸ்டேப்பிள் அடிக்கவே கூடாது.

“கொஞ்சம் கோணலாக இருந்தால் என்ன” என்று விட்டுவிடும் முதலாளிகள் உண்டு. பாத்திரம் கழுவும் தொழிலாளியின் ஓய்வூதியம், அவர் கணக்கில் ஏறும் சம்பளத்தைப் பொறுத்தது. எண் இடம் மாறித் தவறாகப் படிக்கப்பட்டு, பெயரும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் பொருந்தாமல் போகும் சம்பளம் யார் கணக்கிலும் சேராமல் தனிக் கோப்பில் தங்கிவிடும். பல வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்து, பழைய முதலாளியைத் தேடிப் போய் திருத்தப் படிவம் கேட்க அவரால் முடியுமா? அனுப்பும் முன் ஒவ்வொரு எண்ணையும் படித்துப் பார்ப்பது நாம் அவருக்குச் செய்ய வேண்டிய கடமை.

டபிள்யூ-2 போன்ற தகவல் படிவங்கள் எல்லாம் சேர்த்து 10 அல்லது அதற்கு மேல் இருந்தால், 2024 முதல் மின்வழியில் அனுப்புவது கட்டாயம். குறைவாக இருந்தாலும் அனுப்பலாம். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் டபிள்யூ-2 விவரங்களை இலவசமாகப் பதிவு செய்யலாம்; ஊழியர்களுக்கான பிரதியையும் அங்கிருந்தே வெள்ளைத் தாளில் எடுக்கலாம். கோடுகளும் எண்களும் சேர்ந்தே அச்சாவதால், எண்ணைக் கட்டத்துக்குள் நிறுத்தும் வேலையே அதில் இல்லை.