கிரிந்த கடற்கரையின் மலாய்

இலங்கையின் தென்கரையில், அம்பாந்தோட்டை மாவட்டத்தில் கிரிந்த என்றொரு மீனவக் கிராமம் இருக்கிறது. அங்குள்ள மலாய்க் குடும்பங்களின் பிள்ளைகள் தாய்மொழியாக மலாய் பேசியே வளர்வதை, 2000-களில் அங்கு சென்ற மொழியியலாளர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் கோலாலம்பூர்க்காரருக்கு அந்த மலாய் சட்டென்று பிடிபடாது. நமக்கோ, சொற்கள் புரியாவிட்டாலும் அதன் போக்கு பழகியதாகத் தோன்றும்.

'பிள்ளை சோறு சாப்பிட்டது' என்பதை மலேசியாவில் 'அனாக் மாக்கான் நாசி' என்பார்கள். பிள்ளை, சாப்பிடு, சோறு என்பது அங்கே வரிசை. இலங்கை மலாயில் அது 'ஆனக் நாசி சுமாக்கங்'. வினை கடைசிக்குப் போய்விட்டது. 'வீட்டில்' என்பதற்கு மலேசியாவில் 'டி ரூமா', அதாவது இடம் காட்டும் சொல் முன்னால். இங்கே 'ரூமாக்க', வேற்றுமை உருபு நம்முடையதைப் போலவே பின்னால் ஒட்டுகிறது. 'எனக்குத் தெரியும்' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். 'சாப்பிட்டு', 'போய்' என்று எச்சங்களைக் கோத்து ஒரே வாக்கியத்தை நீட்டவும் செய்கிறார்கள். சொற்களில் பெரும்பாலானவை மலாய்தான். மாறியது இலக்கணம்.

1656-இல் கொழும்பைப் பிடித்த டச்சுக்காரர்கள், ஜாவா முதலான தீவுகளிலிருந்து சிப்பாய்களையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். ஜாவா மன்னர் மூன்றாம் அமங்குராட்டும் 1708-இல் அப்படி வந்தவர்தான். பல தீவினருக்கும் பொதுவாக இருந்தது துறைமுகங்களில் புழங்கிய எளிய மலாய். சுமார் 350 ஆண்டுகளில் அது இந்த உருவத்துக்கு வந்திருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு எந்த மொழி காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வழக்கு உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம்களோடு பள்ளிவாசலும் மண உறவும் இருந்ததால் தமிழே காரணம் என்பது ஒரு கட்சி. சிங்களத்துக்கும் சம பங்கு உண்டு என்பது இன்னொன்று. இரு மொழிகளின் வாக்கிய அமைப்பும் நெருக்கமானது என்பதால் தீர்ப்பு எளிதல்ல. எனக்கு இரண்டாவது கட்சியே வலுவாகப் படுகிறது. தமிழில் 'ஒரு' பெயருக்கு முன்னால் வரும். சிங்களத்தில் அதற்கான ஒட்டு பின்னால் வரும். இலங்கை மலாய்க்காரரின் 'ஹத்து' இரண்டு இடத்திலும் வரும்! வந்தான், வந்தாள் என்ற நம் விகுதிகளை அவர்கள் எடுக்கவே இல்லை. பேச்சுச் சிங்களத்திலும் அவை இல்லை. ஆனால் எல்லாமே கடன் அல்ல: 'சுமாக்கங்' என்பதில் காலம் காட்டும் 'சு' வினைக்கு முன்னாலேயே நிற்கிறது. அது பழைய மலாயின் மிச்சம்.

2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் மலாய் இனத்தவர் 40,000-க்கு மேல். கொழும்பிலும் கண்டியிலும் இளையவர்கள் பலர் வேறு மொழிகளுக்கு நகர்ந்துவிட்டார்கள். மொழியை மீட்க நினைத்த சிலர் மலேசிய மலாயைக் கற்பிக்கத் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தப் பாடத்தின் கணக்கில் 'ரூமாக்க' பிழை. வீட்டில் பாட்டி பேசுவதும் பிழை. கிரிந்தவில் பேசப்படுவது உடைந்த மலாய் அல்ல. தனக்கென வேற்றுமையும் காலமும் எச்சமும் கொண்ட முழு மொழி அது. பாடம் அதிலேயே எழுதப்பட வேண்டும்.