ஆர்கேட்டாவின் சதுப்பு நிலம்

கழிவுநீர் எந்த அளவுக்குத் தூய்மையாக வேண்டும் என்பதை அது போய்ச் சேரும் நீர்நிலையில் வாழும் உயிர்களே தீர்மானிக்கின்றன என்பதற்கு, வட கலிபோர்னியாவில் ஹம்போல்ட் விரிகுடாவின் கரையில் 20,000-க்கும் குறைவான மக்கள் வாழும் ஆர்கேட்டா நகரம் நல்ல சான்று. கலிபோர்னியாவில் வளர்க்கப்படும் உணவுச் சிப்பிகளில் பெரும்பகுதி இந்த விரிகுடாவில்தான் விளைகிறது. சிப்பி தன்னைச் சூழ்ந்த நீரை ஓயாமல் உறிஞ்சி வடிகட்டி உண்பதால், நீரில் கலந்த நோய்க்கிருமிகள் அதன் உடலில் சேர்ந்து, உண்பவரையும் சென்றடைகின்றன.

நகரக் கழிவுநீரை மூடிய விரிகுடாக்களில் விடக்கூடாது என்றும், விரிகுடாவின் தரத்தை அது உயர்த்துவதாக மெய்ப்பித்தால் மட்டுமே விலக்கு உண்டு என்றும் 1974-இல் மாநில அரசு கொள்கை வகுத்தது. இதையடுத்து, சுற்றுவட்டார ஊர்களின் கழிவுநீரையெல்லாம் குழாய்வழி ஒரே பெரிய நிலையத்துக்குக் கொண்டுசென்று கடலில் விடும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, ஆர்கேட்டா அதன் செலவுக்கு அஞ்சி, ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கியர்ஹார்ட், ஜார்ஜ் ஆலன் ஆகியோரின் துணையுடன் மாற்றுவழி தேடியது. குப்பைமேடாகவும் மர ஆலை நிலமாகவும் பாழ்பட்டுக் கிடந்த கரையோரத்தில் செயற்கைச் சதுப்பு நிலங்கள் உருவாயின. 1986-இல் அவை முழுமையாகச் செயற்படத் தொடங்கின.

இங்கு வரும் கழிவுநீரில் முதலில் குப்பையும் மணலும் நீக்கப்பட்டு, தொட்டிகளில் கசடு படிய விடப்படுகிறது. எஞ்சிய நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது செலவாகும் ஆக்சிஜனின் அளவே 'உயிர்வேதி ஆக்சிஜன் தேவை' எனப்படுகிறது. இது மிகுந்த நீரை ஆற்றிலோ விரிகுடாவிலோ விட்டால், அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறி மடியும். எனவே அந்தச் சிதைவு விரிகுடாவில் நிகழ்வதற்குப் பதிலாக ஆழமற்ற குளங்களிலேயே நிகழ்ந்து முடியும்படி செய்யப்படுகிறது. அங்கே பாசிகள் வெயிலில் வெளியிடும் ஆக்சிஜனைக்கொண்டு பாக்டீரியாக்கள் கரிமப் பொருள்களைத் தின்று தீர்க்கின்றன. ஆனால் குளத்து நீரோடு வெளியேறும் பாசியே அடுத்த மாசாகிவிடும், ஏனெனில் அது செத்து அழுகும்போதும் ஆக்சிஜன் செலவாகிறது. சதுப்பு நிலத்தின் அருமை இங்கேதான் புலப்படுகிறது: அடர்ந்த கோரையும் சம்பும் வெயிலை மறைப்பதால் பாசி வளர்ச்சி ஒடுங்குகிறது, மெதுவாக நகரும் நீரில் துகள்கள் அடியில் படிகின்றன, தண்டுகளின்மேல் படலமாக ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் எஞ்சிய மாசைச் சிதைக்கின்றன. நுண்ணுயிர்களைக்கொண்டு கரிமப் பொருள்களைச் சிதைக்கும் இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு அமெரிக்கச் சட்டம் வகுத்த மாதச் சராசரி வரம்பான லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பதை, பெரிய இயந்திரங்களின்றி எட்ட இம்முறை வழிவகுத்தது. நூற்றுக்கணக்கான பறவையினங்கள் வந்து தங்கும் புகலிடமாகவும் அந்நிலம் மாறியிருப்பது, பொறியியலையும் இயற்கையையும் எதிரெதிராக நிறுத்துவோர் கவனிக்கத்தக்கது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. பரந்த நிலம் தேவை. குளிர்காலத்தில் பாக்டீரியாக்கள் சோம்பிவிடுவதால், மீன்களுக்கு நஞ்சாகும் அம்மோனியா மெதுவாகவே குறைகிறது. பழைய சாக்கடைக் குழாய்களின் விரிசல்கள் வழியே புகும் மழைநீர், சுத்திகரிக்க வேண்டிய நீரின் அளவைப் பன்மடங்காக்குகிறது. கடல்மட்டம் உயர, விரிகுடாவைச் சுற்றிய நிலமும் தாழ்ந்து வருவதால், கரையணைகளுக்குப் பின்னால் தாழ்வாக அமைந்த இந்தக் குளங்களை அலையிலிருந்து எப்படிக் காப்பது என்பதே அந்நகரம் இப்போது எதிர்கொள்ளும் கடினமான கேள்வி.