கரிசலில் வீட்டை வாடகைக்கு விடுகிறவருக்கு

இருக்கன்குடி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆட்கள். கீழ்வீட்டில் தாங்கள் இருந்துகொண்டு மாடியைக் கட்டி விட்டவர்கள், ஒரே வளவுக்குள் நாலு வீடு வரிசையாகப் போட்டவர்கள், பிள்ளைகள் வெளியூரில் வேலைக்குப் போனதால் பூட்டிக் கிடந்த பூர்வீக வீட்டைத் திறந்துவிட்டவர்கள். வாடகைதான் வீட்டு மளிகைக்கும் மருந்து மாத்திரைக்கும் ஆகும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற ஊர்களில் வாடகைக்கு வருகிறவரிடம் முதலில் கேட்பது, “எத்தனை பேர் இருப்பீங்க?” இங்கே அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, “வீட்டுக்குள்ளே என்ன வேலை செய்வீங்க?” இந்தக் கேள்விக்குக் கூச்சமே வேண்டாம். 2021 ஜூன் மாதம் தாயில்பட்டியில் ஒரு வீட்டுக்குள் அனுமதியில்லாமல் பட்டாசு செய்தபோது வெடித்து, ஒரு குழந்தை உட்பட 3 பேர் இறந்தார்கள். பக்கத்து வீடுகளும் தப்பவில்லை. மருந்து வெடித்தால் சுவர் யாருடையது என்று பார்க்காது.

இந்த வட்டாரத்தில் வீட்டில் நடக்கும் எல்லா வேலையும் ஆபத்தானதல்ல, எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கவும் வேண்டாம். வெறும் காகிதக் குழாய் சுற்றுவதில் வெடிமருந்துக்கு இடமே இல்லை. மருந்து செலுத்துவது, கருந்திரி செய்வது, சரவெடி பின்னுவது, முடித்த பட்டாசை அட்டைப்பெட்டியில் அடுக்கி வைப்பது ஆகியவை வேறு கதை. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு விதிகளும், உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே பட்டாசு செய்யலாம் என்கின்றன. குடியிருக்கும் வீட்டுக்கு அந்த உரிமம் கிடைக்காது. அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம் பட்டாலே தானாகச் சூடேறும் தன்மை உள்ளது. கலந்த மருந்தை ராத்திரி தங்கவிடக் கூடாது என்று ஆலைகளிலேயே கண்டிப்பாகச் சொல்வது அதனால்தான். அதை அடுப்பும் மின்விசிறியும் குழந்தைகளும் இருக்கிற அறைக்குள் வைப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: “குடியிருப்புக்கு மட்டும். பட்டாசு, திரி, வெடிமருந்து, அவற்றின் மூலப்பொருள் எதையும் செய்யவோ வைக்கவோ கூடாது.” எழுதியதைப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு மீறினால், நிறுத்தச் சொல்லி எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கலாம். அதற்கும் நிற்காமல் வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, வெளியேற்றக் கேட்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. ஆனால் மருந்து இருப்பது உறுதியாகத் தெரிந்துவிட்டால் அறிவிப்பு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உள்ளே இருப்பவர்களை வெளியே வரச் சொல்லி, அன்றைக்கே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று உள்வாடகை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. ஆலையோ குத்தகைக்கும் உள்குத்தகைக்கும் கைமாறி, ஆளுக்கு ஒரு அறை என்று பலர் வேலை நடத்தியது பின்னால் தெரியவந்தது. எந்த அறையில் யார், எவ்வளவு மருந்து வைத்திருக்கிறார் என்ற முழுக் கணக்கு ஒருவரிடமும் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் நடந்த பெரும் விபத்துக்குப் பிறகும் இதே உள்குத்தகைப் பேச்சு எழுந்தது. வீட்டுக்கும் ஆலைக்கும் ஒப்பு இல்லைதான். ஆனால் நீங்கள் சாவி கொடுத்தவர் ஒருவர், உள்ளே இருப்பவர் வேறொருவர் என்றால், வீடு உங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று பொருள். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ ஒரு பகுதியையோ மற்றவருக்குக் கொடுப்பதும் வெளியேற்றக் காரணமாகும். ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் எல்லார் பெயரையும் எழுதுங்கள். தம்பி வந்து தங்கினால் அது விருந்து. தம்பி தனி அடுப்பு வைத்தால் பேச வேண்டிய விஷயம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக நினைத்த நேரத்தில் கதவைத் தட்டவும் கூடாது. வாடகைக்கு விட்ட பிறகு அது அவர்கள் வீடு. பார்க்கப் போக வேண்டுமானால், காரணமும் நேரமும் குறித்து 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, அவர்கள் பதிலையும் அழிக்காமல் வைத்திருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்த் தொட்டி, வயரிங், கூரை பார்க்க வருவேன் என்று முதலிலேயே பேசிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

எந்தச் சட்டம் என்று கேட்பீர்கள். 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ளது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்துவது அது. வாய்ப்பேச்சு வாடகை இனிச் செல்லாது, எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அலுவலரிடம் பதிய வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர் அந்த அலுவலர். இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 11 மாத ஒப்பந்தம் போட்டால் பதிவே வேண்டாம் என்று டீக்கடையில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சார்பதிவாளர் அலுவலகப் பதிவு. வாடகை அலுவலரிடம் பதிவது தனி. ஊராட்சிப் பகுதியில் வீடு உள்ளவர்கள் தங்கள் ஊருக்கு நடைமுறை என்ன என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு நடை போய்க் கேட்டுக்கொள்வது நல்லது. எந்த ஊரானாலும் எழுதி வைத்தவருக்கு நஷ்டம் வராது.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொண்டால் ஒழிய, 3 மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்பது சட்டம் வைத்த அளவு. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பணம் உங்களுடையது அல்ல, உங்களிடம் இருப்பது. தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

நம் பக்கத்தில் அட்வான்ஸை விடப் பெரிய விஷயம் ஒத்தி. மொத்தமாகச் சில லட்சம் வாங்கிக்கொண்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருக்க விடுவது. பெண் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அவசரமாகப் பணம் வேண்டியவர்கள் ஒத்திக்குப் போகிறார்கள். பலரும் நினைப்பதுபோல் இது வாடகையின் இன்னொரு வடிவம் அல்ல. வீட்டை ஈடு வைத்து வாங்கும் கடன், வட்டிக்குப் பதில் குடியிருப்பு. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட இத்தகைய ஈடு, இரண்டு சாட்சிகளோடு பதிவுப் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. நம்மிடம் நடப்பதோ பெரும்பாலும் முத்திரைத்தாளில் நாலு வரி. கெடு முடிந்து பணம் திருப்ப வழியில்லாமல் நிற்கும்போது இரண்டு குடும்பமும் அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகின்றன. என் கருத்தைக் கேட்டால், திருப்பிக் கொடுக்கும் பணம் எங்கிருந்து, எந்த மாதம் வரும் என்று சொல்லத் தெரியாதவர் ஒத்திக்கு விடவே கூடாது. அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கி இவருக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கு, தொகை ஏறிக்கொண்டே போய் ஒருநாள் வீட்டையே விற்க வைக்கும்.

வாடகை வசூலில் இந்த வட்டாரத்தின் நடையை மதிக்க வேண்டும். பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமைச் சம்பளம். மாதம் 5ஆம் தேதி மொத்தமாகக் கொடு என்றால் கையில் இருக்காது, அதற்காக அவர் கொடுக்க மனமில்லாதவர் அல்ல. வாரம் ஒரு பங்காக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போதெல்லாம் ரசீது கொடுங்கள், அது சட்டப்படி அவர் உரிமை. தீபாவளி கழிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும், அடைமழை வந்தால் காயப்போடும் வேலை நின்றுபோகும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு, ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால் வெளியேற்றக் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஐந்து வருடம் ஒழுங்காகக் கொடுத்தவரை மூடிய காலத்தில் விரட்டினால், அடுத்து வருகிறவரும் அதே ஆலைக்குத்தான் வேலைக்குப் போவார். போனஸ் வரும்போது சரிசெய்வதாகப் பாக்கித் தொகையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது லாபம்.

கோபத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. தண்ணீரை அடைப்பது, ஃப்யூஸைப் பிடுங்குவது, வெளிப்பூட்டுப் போடுவது. எவ்வளவு பாக்கி இருந்தாலும் இவற்றுக்கு அனுமதி இல்லை. அதைச் செய்த நிமிஷம் நியாயம் அவர் பக்கம் போய்விடும்.

மின் இணைப்பு உங்கள் பெயரில் இருக்கும். வீட்டு இணைப்பில் மாவு மில்லோ பேப்பர் கட்டிங் மெஷினோ ஓடினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள். இணைப்பு உங்கள் பெயரில் என்பதால் கேள்வி உங்களிடம்தான் வந்து நிற்கும். வீட்டுக்கு ஒரு மீட்டர் தனியாக வாங்கி, பில்லை அவர்களே நேரடியாகக் கட்டும்படி விடுங்கள். 100 யூனிட் இலவசமும் அவர்களுக்கே போய்ச் சேரும். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதில் வரும் சில்லறை லாபம், வரும் சண்டைக்குக் காணாது.

அடுத்தது விரிசல். கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஆழமாக அஸ்திவாரம் போடாத வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கோடு ஓடுவது இதனால்தான். ஆணி அடித்ததால் வந்தது என்று குடியிருப்பவர் அட்வான்ஸில் கழிக்காதீர்கள். கட்டட அமைப்புப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவருடையவை. குடிவரும் நாளில் ஒவ்வொரு சுவரையும் இருவரும் சேர்ந்து நின்று போனில் படம் எடுத்து, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டால் காலி செய்யும் நாளில் வாக்குவாதம் பாதி குறையும். மழைக்காலத்துக்கு முன் வயரிங்கைப் பார்த்து, மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் கருவி இல்லையென்றால் பொருத்துங்கள்.

சொல்லவே கனமான ஒன்று. குடியிருப்பவர் ஆலை விபத்தில் இறந்துபோகலாம். நம் ஊரில் இது கற்பனை இல்லை. அவரோடு ஒப்பந்தம் முடிந்துபோகாது. மனைவி, பிள்ளைகள் அதே நிபந்தனையில் மிச்சக் காலம் இருக்க உரிமையுள்ளவர்கள். துக்க வீட்டில் போய்ச் சாவி கேட்காதீர்கள். இழப்பீட்டுக்கும் ரேஷன் அட்டைக்கும் முகவரிச் சான்று கேட்பார்கள். உங்கள் ஒப்பந்த நகலும் வாடகை ரசீதும் அப்போது அந்தப் பெண்ணுக்குப் பெரிய உதவி.

“நீங்க என்ன ஆளுக?” என்று கேட்டுவிட்டு வீடு இல்லை என்று சொல்வதை விட்டுவிடுங்கள். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டில் மருந்து இருக்குமா என்ற இரண்டில் எதற்கும் அந்தக் கேள்வியில் விடை இல்லை. வேண்டுமானால் முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் போனில் விசாரியுங்கள், ஆதார் நகலும் வேலை பார்க்கும் இடமும் வாங்கிக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வந்த தொழிலாளிக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் ஒரே விசாரிப்பாக இருக்கட்டும்.

இருக்கன்குடியில் கோயிலுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு ஆடி மாதம் தனிக் கணக்கு. கடைசி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்க லட்சக்கணக்கில் சனம் வரும், நடந்தே வருகிறவர்களும் ஏராளம். அறை கேட்டு வருகிறவர்களுக்கு இரண்டு நாள் இடம் கொடுப்பது வாடகைக் குடியிருப்பு அல்ல, தங்க விடுவது மட்டுமே. அதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: பெயர், ஊர், போன், எத்தனை பேர், எந்த நாள் காலி. பொங்கல் வைக்க அடுப்பை முற்றத்திலோ வெளியிலோ காட்டிவிடுங்கள், அறைக்குள் வேண்டாம். நேர்த்திக்கு வெடி கொண்டுவந்திருந்தால் அறைக்குள் வைக்க விடாமல், வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் போடச் சொல்லுங்கள். இருக்கும் அறைக்கு எத்தனை பேர் படுக்கலாமோ அத்தனை பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். குளிக்கத் தண்ணீர் எவ்வளவு உண்டு என்பதையும் காசு வாங்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.